ஐரேசிங்கில் புதிதாகச் சேர்வோருக்கு: பணம் கட்டுவதிலிருந்து ரூக்கி உரிமத்தைத் தாண்டுவது வரை

கணினியில் இணையம் வழியாக மற்றவர்களோடு கார் பந்தயம் ஓட்டும் சிமுலேட்டரான ஐரேசிங்கில் காசு கொடுத்தால் எந்தக் காரையும் வாங்கிவிடலாம். அந்தக் காரை அதிகாரபூர்வப் பந்தயத்தில் ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தை வேகம் வாங்கித் தராது, மோதாமல் ஓட்டுவதுதான் வாங்கித் தரும். இது தெரியாமல் முதல் நாளே ஃபெராரி ஜிடி3 காரையும் ஸ்பா தடத்தையும் வாங்கிப் போட்டுவிட்டு, ரூக்கி என்ற தொடக்கப் பிரிவிலேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். செலவும் எரிச்சலும் இல்லாமல் அதற்கு அடுத்த படியான டி உரிமம் வரை போகும் வழியை வரிசையாகக் கீழே தந்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. சேரும் முன் கையில் இருக்க வேண்டியவை

விண்டோஸ் கணினி, ஸ்டீயரிங் வீல், பெடல், கேபிள் வழியாக வரும் இணையம், வெளிநாட்டுப் பணப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிடப்பட்ட கார்டு அல்லது பேபால் கணக்கு. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எதிலும் ஐரேசிங் கிடையாது. கேம்பேடில் ஓட்ட முடியும், ஆனால் கார் நழுவத் தொடங்குவது கையில் தெரியாது. பழைய லாஜிடெக் ஜி29 கிடைத்தாலும் போதும்.

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். இங்கே புனைபெயர் வைக்க முடியாது. உண்மைப் பெயர்தான் காரின் மேலும் முடிவுப் பட்டியலிலும் வரும். இன்ஷியலை முன்னால் போடுவதா, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைப்பதா என்று பதிவு செய்வதற்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

வைஃபை வேண்டாம். ஓட்டும்போது திரை மூலையில் எல், கியூ என்ற எழுத்துகளோடு சிறு கோடுகள் தெரியும். எல் என்பது சர்வருக்குப் போய்வரும் தாமதம். அமெரிக்க, ஐரோப்பிய சர்வரில் பந்தயம் அமைந்தால் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஓட்டுபவருக்கு அது உயரத்தான் செய்யும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். கியூ என்பது இணைப்பின் தரம். அது 100லிருந்து அடிக்கடி விழுந்தால் உங்கள் கார் மற்றவர் திரையில் துள்ளும். உரசாமலே மோதல் பதிவாகி இருவருக்கும் தவறுப் புள்ளி ஏறும். கியூ நிலையாக நிற்காத வீட்டில் முதலில் இணையத்தைச் சரிசெய்யுங்கள்.

2. பணம் எங்கெல்லாம் போகும்

முதல் செலவு சந்தா. வழக்கமான விலை மாதத்துக்கு 13 டாலர், ஆண்டுக்கு 110 டாலர். புதியவர்களுக்குத் தள்ளுபடி அடிக்கடி வரும், நவம்பர் கடைசியில் பெரிய தள்ளுபடி வரும். முழு விலைக்கு ஒரு வருடம் எடுக்க அவசியமே இல்லை. தள்ளுபடியில் சில மாதங்கள் மட்டும் எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நவம்பரில் நீண்ட சந்தாவுக்குப் போங்கள்.

பணம் கட்டும் இடத்தில் இரண்டு தடங்கல்கள் வரும். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து வரம்பையும் வைத்துவிட்டுப் பிறகு முயலுங்கள். இல்லாவிட்டால் கட்டணம் நிராகரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், காரணமும் திரையில் தெளிவாக வராது. டாலர் விலைக்கு மேல் வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் சேர்க்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டாவது தடங்கல் தானியங்கிப் புதுப்பிப்பு. தள்ளுபடியில் சேர்ந்தவருக்கும் அடுத்த முறை முழு விலைதான் பிடிப்பார்கள். சேர்ந்த அன்றே கணக்குப் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள். சந்தா முடியும் தேதிவரை ஓட்டுவதற்கு அதனால் எந்தத் தடையும் இல்லை.

அடுத்த செலவு காரும் தடமும். பெரும்பாலான கார்கள் 11.95 டாலர், தடங்கள் 11.95 அல்லது 14.95 டாலர். ஒருமுறை வாங்கினால் எப்போதும் உங்களுடையது, ஆனால் சந்தா உயிரோடு இருந்தால்தான் ஓட்ட முடியும். ஒரே ரசீதில் 3 முதல் 5 பொருள் எடுத்தால் 10 சதவீதம் குறையும், 6 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 15 சதவீதம். 40 பொருள் சேர்ந்தபின் வாங்குவதற்கெல்லாம் 20 சதவீதத் தள்ளுபடி நிரந்தரமாகிவிடும். ஆகவே அதுவரை ஒற்றையாக ஒரு தடம் வாங்குவது நஷ்டம்.

இதெல்லாம் பின்னால் வரும் செலவு. ரூக்கி பிரிவில் ஒரு பைசாவுக்கும் எதுவும் வாங்க வேண்டாம். மஸ்டா எம்எக்ஸ்-5 கப், டொயோட்டா ஜிஆர்86, ஃபார்முலா வீ ஆகிய கார்களும், லகூனா செகா, லைம் ராக், ஒகயாமா, சம்மிட் பாயிண்ட், ஊல்டன் பார்க், சுகுபா ஆகிய தடங்களும் சந்தாவுடனே வருகின்றன.

3. வீலும் பெடலும் திரையும்

லாஜிடெக் மென்பொருளில் சுழற்சியை 900 டிகிரி வைத்து, வீலைத் தானாக நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் அமைப்பை அணைத்துவிடுங்கள். பிறகு ஐரேசிங்குக்குள் அளவீட்டுப் படிகளை முழுதாக முடியுங்கள். பிரேக்கை அளக்கும்போது பெடலை முழு பலத்தோடு தரைவரை மிதிக்காதீர்கள். பந்தயத்தில் இருபதாவது முறை மிதிக்கும்போதும் எட்டக்கூடிய அழுத்தம் எதுவோ, அதையே 100 சதவீதமாகப் பதியுங்கள். இதில் தவறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டிப்போய்க்கொண்டே இருப்பீர்கள், காரணமும் பிடிபடாது.

வீலில் வரும் விசைக்கு ஒரு தடத்தில் சுத்தமாகச் சில சுற்றுகள் ஓட்டியபின் ஆட்டோ பொத்தானை அழுத்துங்கள். அந்தக் காருக்கும் தடத்துக்கும் ஏற்ற அளவை அதுவே கணக்கிட்டு வைக்கும். விசையை அதற்கு மேல் ஏற்றினால் உச்சத்தில் சமிக்ஞை வெட்டுப்படும். வீல் கனமாக இருக்கும், ஆனால் டயர் பிடி விடுவது தெரியாது. பல் சக்கர வீல் வைத்திருப்பவர்கள் லீனியர் அமைப்பை அணைத்தே வைக்கலாம். மோட்டாரோடு நேரடியாக இணைந்த டைரக்ட் டிரைவ் வீலுக்கு அதை இயக்குங்கள்.

பார்வைக் கோணத்தைக் கண்ணளவில் வைக்க வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் திரையின் அகலத்தையும் கண்ணிலிருந்து திரைக்கு உள்ள தூரத்தையும் அளந்து கொடுத்தால் அதுவே கணக்கிட்டுத் தரும். ஒற்றைத் திரையில் பார்ப்பதற்குக் குறுகலாகத்தான் தோன்றும். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும், பிரேக் புள்ளியைக் கணிக்கவும் அதுதான் கைகொடுக்கும்.

4. முதல் வாரம்: பந்தயத்துக்குப் போகாதீர்கள்

ஓவல், ஸ்போர்ட்ஸ் கார், ஃபார்முலா கார், டர்ட் ஓவல், டர்ட் ரோடு என்று 5 உரிமங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றில் ஏறுவது இன்னொன்றுக்கு உதவாது. புதியவருக்கு என் பரிந்துரை ஸ்போர்ட்ஸ் கார் பிரிவும் எம்எக்ஸ்-5 காரும்தான். மெதுவான கார், தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் தரும், எந்த நேரத்திலும் கூட ஓட்ட ஆள் இருக்கும்.

அந்த வார ரூக்கி தடத்தைப் பார்த்து, அதே தடத்தில் தனியாக டெஸ்ட் டிரைவ் போங்கள். இலக்கு நேரம் எதுவும் வேண்டாம். தொடர்ந்து 10 சுற்று, நான்கு சக்கரமும் வெளியே போகாமல், சுழலாமல். அது கைவந்ததும் திறந்த பயிற்சிக்குள் போய், மற்ற கார்களுக்குப் பின்னால் ஓட்டிப் பழகுங்கள். பயிற்சியில் எத்தனை முறை மோதினாலும் பாதுகாப்பு மதிப்பெண்ணில் சேராது.

எம்எக்ஸ்-5ல் புதியவர்கள் சுழல்வதற்கு முதல் காரணம் கியர். நேர்ப்பாதை முடிவில் பிரேக் மிதித்த உடனேயே படபடவென்று கியரைக் குறைத்தால் எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுத்துப் பூட்டிவிடும், பின்பக்கம் முன்னால் வந்துவிடும். பிரேக் பிடித்து வேகம் இறங்கியபின் ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். அடுத்த காரணம் குளிர்ந்த டயர். முதல் சுற்றில் வழக்கமான பிரேக் புள்ளிக்குக் கொஞ்சம் முன்பே மிதியுங்கள்.

லகூனா செகாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் திருப்பம் ஒரு அகன்ற கொண்டை ஊசி வளைவு. தொடக்கத்தில் எல்லாரும் உள்பக்கத்தில் குவிவார்கள், அங்கேதான் குவியலாக மோதல் நடக்கும். கார்க்ஸ்க்ரூ என்ற சரிவுத் திருப்பத்தில் பிரேக் பிடிக்கும்போது சரிவு கண்ணுக்குத் தெரியாது. மேட்டைத் தாண்டிய பிறகுதான் தடம் கீழே விழுவது தெரியும். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்து திருப்பினால் வெளியே போவது நிச்சயம். இந்த இரண்டு இடத்தையும் சுத்தமாகத் தாண்டக் கற்றாலே அந்த வாரத் தவறுப் புள்ளிகளில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

5. பாதுகாப்பு மதிப்பெண் எப்படி ஏறும், எப்படி இறங்கும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பாதுகாப்பு மதிப்பெண்ணை ஓட்டுபவர்கள் எஸ்ஆர் என்பார்கள். 0.00 முதல் 4.99 வரை போகும். புதியவர் ரூக்கி 2.50ல் தொடங்குவார். நான்கு சக்கரமும் தடத்துக்கு வெளியே போனால் 1 தவறுப் புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2, சுவரில் இடித்தால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. லேசான உரசலுக்கு 0. ஒரே நிகழ்வில் சுழன்று, உடனே மோதவும் செய்தால் இரண்டும் கூடாது, பெரியது மட்டும் நிற்கும்.

யார் மேல் தப்பு என்று கணினி பார்க்காது. பின்னாலிருந்து வந்து இடித்தவருக்கும் 4, இடிபட்ட உங்களுக்கும் 4. இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் இதனால்தான் சந்தேகமான ஆளுக்கு வழிவிட்டுப் போகும் பழக்கம் வருகிறது. அந்தப் பழக்கம் மேல் உரிமங்களில் பந்தயத்தைக் காப்பாற்றுகிறது.

மதிப்பெண் கணக்கு இப்படி: எத்தனை திருப்பங்களைத் தாண்டினீர்கள், அதில் எத்தனை புள்ளி வாங்கினீர்கள் என்ற விகிதம்தான் அடிப்படை. 11 திருப்பமுள்ள லகூனா செகாவில் 10 சுற்று முடித்தால் 110 திருப்பம். 4 புள்ளி வாங்கினால் சராசரியாக 27 திருப்பத்துக்கு ஒரு புள்ளி. அதே 4 புள்ளியோடு மூன்றாம் சுற்றில் வெளியேறினால் 8 திருப்பத்துக்கு ஒன்று ஆகிவிடும். ஆகவே முதல் சுற்றில் இடிபட்டால் கோபத்தில் வெளியேறாதீர்கள். காரை ஓட்டிவந்து, வேண்டுமானால் பிட் என்ற பழுதுபார்க்கும் இடத்தில் சரிசெய்து, கடைசி இடத்திலேயே சுத்தமாக மிச்சச் சுற்றுகளை முடியுங்கள். ஒவ்வொரு சுத்தமான திருப்பமும் அந்த 4 புள்ளியைக் கரைக்கும். பாதியில் போனால் ஐரேட்டிங் என்ற திறன் மதிப்பெண்ணும் சேர்ந்து சரியும்.

முழு எண்ணைத் தாண்டும்போது ஒரு தாவல் உண்டு. 2.98லிருந்து 3.02க்கு வந்தால் கூடுதலாக 0.40 சேர்ந்து 3.42 ஆகிவிடும். கீழே விழும்போதும் அதே அளவு கழியும். 3.05ல் நிற்கும் நாளில், தூக்கம் சொக்கும் நேரத்தில், 'இன்னும் ஒரே ஒரு பந்தயம்' என்று போகாதீர்கள்.

எஸ்ஆர் ஏற்ற டைம் டிரையல் நல்ல குறுக்குவழி. தடத்தில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள், இடிக்க ஆளே இல்லை. பந்தயத்தைவிட எடை குறைவு, ஆனாலும் கணக்கில் சேரும். உரிம உயர்வுக்கான பங்கேற்பு எண்ணிக்கையிலும் சேரும்.

6. பந்தய நாள்

பதிவு பொத்தானை அழுத்திவிட்டுத் தொடங்கும் நேரம்வரை பயிற்சியில் இருங்கள். தகுதிச் சுற்றை முதல் சில பந்தயங்களுக்குத் தவிர்த்துவிடலாம். தவிர்த்தால் கடைசியில் நிற்பீர்கள், முதல் திருப்பக் குவியல் உங்கள் கண்முன் நடந்து முடிந்துவிடும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் காரைத் தொடக்க வரிசையில் நிறுத்தும் கிரிட் பொத்தானை அழுத்தாமல் பிட்டிலிருந்தே கிளம்புங்கள்.

நின்று தொடங்கும் பந்தயத்தில் விளக்குக்கு முன் நகர்ந்தால் கறுப்புக் கொடி வரும். கிளட்ச், கியர் இரண்டையும் பயிற்சியிலேயே ஒத்திகை பாருங்கள்.

எஃப்3 விசையை அழுத்தினால் முன்னாலும் பின்னாலும் வரும் கார்கள் எத்தனை வினாடி தூரத்தில் இருக்கின்றன என்ற பட்டியல் வரும். பந்தயம் முழுக்க அது திரையில் இருக்கட்டும். சுழன்றுவிட்டால் பிரேக்கையும் கிளட்சையும் முழுதாக மிதித்து அப்படியே நில்லுங்கள். கார் ஓரிடத்தில் நின்றால் மற்றவர்கள் சுற்றிப் போய்விடுவார்கள், உருண்டால்தான் ஆபத்து. தடத்துக்குத் திரும்பும் முன் எஃப்3 பட்டியலில் இடைவெளி பாருங்கள். திருப்பத்தை வெட்டிப் போனதற்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லி எச்சரிக்கை வந்தால், ஓரமாக ஒதுங்கி ஆக்சிலரேட்டரை விடுங்கள். பந்தயக் கோட்டின் நடுவில் பிரேக் போட்டால் பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறுவார், மறுபடியும் 4.

ஒருவர் வேண்டுமென்றே இடித்தார் என்றால் அரட்டையில் திட்டாதீர்கள், அதற்கு உங்கள் மேலும் புகார் வரும். வெளியேறும் முன் ரீப்ளேயைச் சேமியுங்கள். அந்தத் துண்டு இல்லாமல் புகார் நிற்காது.

7. காலக்கணக்கு

ஒரு பருவம் 12 வாரம். அதன்பின் 13வது வாரம் என்று ஓர் இடைவெளி, அதில் வேடிக்கைத் தொடர்கள் ஓடும். வாரம் மாறுவது செவ்வாய்க்கிழமை உலக நேரம் 00:00க்கு. இந்தியாவிலும் இலங்கையிலும் அது செவ்வாய் காலை 5:30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை 8 மணி. திங்கள் இரவுதான் அந்த வாரத் தடத்தில் ஓட்டக் கடைசி வாய்ப்பு.

ரூக்கியிலிருந்து டிக்குப் போக எஸ்ஆர் 3.00ம் குறைந்தபட்சப் பங்கேற்பும் போதும், பருவ முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். டியிலிருந்து மேலே போக இரண்டு வழி: பருவ முடிவில் 3.00க்குக் குறையாமல் இருப்பது, அல்லது 4.00ஐத் தொட்டு உடனே ஏறுவது. இரண்டுக்கும் 4 பந்தயமோ 4 டைம் டிரையலோ முடித்திருக்க வேண்டும். 3.80 வைத்திருந்தும் மூன்றே பந்தயம் ஓட்டியதால் உயராமல் போகிறவர்கள் ஒவ்வொரு பருவமும் இருக்கிறார்கள். 11வது வாரத்திலேயே எண்ணிக்கையைச் சரிபார்த்துவிடுங்கள்.

உரிமம் உயரும்போது எண்ணில் 1.00 குறையும்: டி 4.10 என்பது சி 3.10 ஆகும். பயப்பட வேண்டாம், கணக்கு அப்படித்தான். ஆனால் மேல் உரிமத்தில் அதே அளவு புள்ளி வாங்கினால் எஸ்ஆர் முன்பு போல ஏறாது. பருவ முடிவில் 2.00க்குக் கீழே இருந்தால் உரிமம் இறங்கும், 1.00க்குக் கீழே போனால் அப்போதே இறங்கும்.

8. புதுப்பிப்பு வரும் வாரத்தில்

பெரிய புதுப்பிப்பு ஆண்டுக்கு நான்கு முறை: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். 13வது வாரத்தில் இறங்கும், அடுத்த வாரங்களில் சிறு திருத்தங்கள் தொடரும். சர்வர் நிற்பது அமெரிக்கப் பகலில், அதாவது நமக்கு மாலையும் இரவும். அன்று பந்தயம் திட்டமிடாதீர்கள். பதிவிறக்கத்தை இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அதற்கு முந்தைய நாள் டாகுமென்ட்ஸுக்குள் இருக்கும் ஐரேசிங் கோப்புறையை அப்படியே இன்னொரு இடத்தில் நகலெடுங்கள். வீல், பெடல் அமைப்பு, திரை அமைப்பு, நீங்கள் சேமித்த செட்டப் (காருக்கான அமைப்புகள்) எல்லாம் அதற்குள்தான். புதுப்பித்தபின் பொத்தான்கள் குழம்பினால் அந்த நகல் காப்பாற்றும்.

காரின் இயற்பியல் மாறியிருந்தால் பழைய செட்டப் தொழில்நுட்பச் சோதனையில் தோற்கும், அல்லது ஏறும் ஆனால் கார் வேறு மாதிரி நடக்கும். வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் காரின் பெயருக்குக் கீழே இருப்பதை மட்டுமாவது வாசியுங்கள். பிறகு ஐரேசிங் தரும் புதிய அடிப்படைச் செட்டப்போடு, நன்கு தெரிந்த தடத்தில், பழைய அளவு எரிபொருளோடு 10 சுற்று ஓட்டுங்கள். எந்தத் திருப்பத்தில் பிரேக் புள்ளி மாறியது, பின்பக்கம் எப்போது நழுவுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகு பழைய செட்டப்பிலிருந்து ஒவ்வொரு மாற்றமாகக் கொண்டுவாருங்கள்.

2024 மார்ச் புதுப்பிப்பில் மழை வந்தது. ஈரத்தில் வழக்கமான பந்தயக் கோட்டில் ரப்பர் படிந்திருப்பதால் அங்கேதான் அதிகம் வழுக்கும். கோட்டை விட்டு வெளிப்பக்கமாகப் போய்ப் பிடியைத் தேடுங்கள். மழையில் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் ஓட்டுவதற்கு முன் தனியாக ஒரு மணி நேரமாவது நனைந்த தடத்தில் ஓட்டுங்கள்.

9. டி உரிமம் கிடைத்தபின் எதை வாங்குவது

முதலில் ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள். அதன் 12 வார அட்டவணையை எடுத்து, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தடங்களை அடியுங்கள். மிச்சத்தில் மற்ற தொடர்களிலும் அடிக்கடி வரும் தடங்கள் எவை என்று பாருங்கள். ஸ்பா, மோன்சா, ரோட் அட்லாண்டா, வாட்கின்ஸ் கிளென் போன்றவை பருவத்துக்குப் பருவம் திரும்ப வரும், அந்தப் பணம் வீணாகாது. சாம்பியன்ஷிப்பில் சிறந்த 8 வாரங்கள்தான் எண்ணப்படும், 12 தடமும் வேண்டியதில்லை.

ஒரு காரும் ஐந்து தடங்களும் சேர்த்து ஒரே ரசீதில் 6 பொருளாக வாங்குங்கள், 15 சதவீதம் குறையும். புதிய பருவ அட்டவணை வெளிவந்தபின் வாங்குங்கள். பழைய அட்டவணையைப் பார்த்து 11வது வாரத்தில் வாங்கும் தடம் அடுத்த பருவத்தில் உங்கள் தொடரில் இல்லாமலே போகலாம். வாங்கும் முன் அந்தத் தொடரில் நீங்கள் ஓட்டக்கூடிய நேரத்தில் எத்தனை பேர் சேருகிறார்கள் என்று இரண்டு மூன்று இரவுகள் கவனியுங்கள். ஆள் சேராவிட்டால் பந்தயம் அதிகாரபூர்வமாகாது, மதிப்பெண்ணும் அசையாது. ஐரோப்பிய மாலை நமக்கு நள்ளிரவை ஒட்டி வரும். சில தொடர்கள் அப்போது மட்டும்தான் நிரம்பும்.